பத்து ரூபாய் பாட்டிலும் பதினெட்டு சதவீத பாட்டிலும்

ஊட்டியில் டாஸ்மாக் கடைக்குப் போகிறவர் விலைக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறார். பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். குடித்து முடித்த பாட்டிலை ஸ்டிக்கரோடு கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கைக்கு வரும். டாஸ்மாக்கில் கூடுதலாகப் பத்து ரூபாய் என்றதும் சிலருக்கு முறைகேடான வசூல் ஞாபகம் வரலாம். இது அதுவல்ல, இதற்கு முறையான உத்தரவு இருக்கிறது. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதத்தைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் விடாமல் கேட்டதால் 2022 மே மாதம் நீலகிரியில் இது தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் பரவியது. விற்ற பாட்டில்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் திரும்பி வருவதாக அரசுத் தரப்பு சொல்கிறது.

நம் ஊரில் குப்பை பற்றிய எந்தத் திட்டமும் இவ்வளவு வேகமாகப் பலன் தந்ததாக எனக்கு நினைவில்லை. குடிப்பவர்களுக்கு ஒரே நாளில் சுற்றுச்சூழல் அக்கறை பிறந்துவிட்டதா? இல்லை. 2003ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுக்க அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. விலை வைப்பதும் அரசு, கடை நடத்துவதும் அரசு, ஆலைக்கு உரிமம் தருவதும் அரசு. ஒரு உத்தரவு போட்டால் பாட்டில் போகும் பாதையும் திரும்பும் பாதையும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். குறுக்கே நின்று மறுத்துச் சொல்ல வேறு துறை இல்லை. ஜெர்மனியில் 2003இல் ஒருமுறை பயன்படும் பான பாட்டில்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தனியார் கடைகளையும் நிறுவனங்களையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவரப் பெரும்பாடு பட்டார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை.

பாடு வேறொருவருக்கு வந்தது. காலி பாட்டில்களை எண்ணி வாங்கி, ஸ்டிக்கரைச் சரிபார்த்து, இடமில்லாத கடையில் அடுக்கி வைக்கும் வேலை விற்பனையாளர்மேல் விழுந்தது. ஊழியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை. இதை இங்கேயே குறித்துக்கொள்வோம். பயன் காட்டுக்குப் போகிறது, உழைப்பு கடைக்காரரிடமிருந்து வருகிறது; இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு தீர்க்கப்படாமல் நிற்கிறது.

இன்னொன்றும் அந்தக் கடை வாசலிலேயே கிடக்கிறது. பாட்டில் போய்விடும்; பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் கிடக்கும். இவை இரண்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தடை இல்லாத கண்ணாடி பாட்டில் ஒழுங்காகத் திரும்புகிறது, தடை செய்யப்பட்ட டம்ளர் காற்றில் பறக்கிறது. பாட்டிலுக்குப் பின்னால் பத்து ரூபாய் இருக்கிறது. டம்ளருக்குப் பின்னால் எப்போதாவது வரும் அதிகாரியின் அபராதப் புத்தகம் மட்டும்தான்.

சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் இப்போது பட்ஜெட் உரைகளிலும் கருத்தரங்குகளிலும் தாராளமாக அடிபடுகிறது. அதை மறுசுழற்சிக்கு வைத்த புதுப் பெயர் என்று நினைப்பவர்கள் பலர். மறுசுழற்சி அதன் கடைசிப் படி. ஒரு பொருளைச் செய்யும்போதே அது எப்படித் திரும்பி வரும், எதுவாக மாறும், அதற்கு யார் செலவு செய்வார் என்று யோசித்துச் செய்வதுதான் அதன் முதல் படி. அங்கேதான் அரசின் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிணற்றில் ஒருவர் ஏற்றம் இறைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வாய்க்காலை உடைத்துவிட்டால் பயிருக்குத் தண்ணீர் போகாது. இருவருமே நாள் முழுக்க வேலை செய்ததாகக் கணக்கு மட்டும் இருக்கும். கொள்கை இசைவு என்று நிர்வாக மொழியில் சொல்வது அந்த வாய்க்காலைப் பற்றியதுதான்.

மது பாட்டிலை விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலைப் பார்ப்போம். இங்கே கூரை ஒன்றல்ல.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சுமார் இருபது கிராம் எடை. ஒரு கிலோ சேர ஐம்பது பாட்டில் பொறுக்க வேண்டும். பேருந்து நிலையத்திலும் ரயில் தண்டவாளத்திலும் கல்யாண மண்டபத்தின் பின்புறத்திலும் பொறுக்கிச் சேர்த்தது காயலான் கடைக்கு வருகிறது. எங்கள் தெரு முனைக் கடையில் ஒரு அம்மா சாக்கைக் கவிழ்த்துவிட்டு உட்காருவார். நிறமில்லாதது ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், எண்ணெய் பாட்டில் தனி. சிறு கத்தியால் லேபிளைக் கீறி உரிப்பார், மூடியைத் திருகி எடுப்பார். மூடியின் கீழே கழுத்தில் ஒட்டியிருக்கும் வளையத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார். அதற்கு நேரமில்லை. அதை ஆலையில் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்: பாட்டிலைச் சில்லுகளாக வெட்டித் தொட்டியில் போட்டால் பாட்டிலின் பிளாஸ்டிக் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். அள்ளி எடுத்துவிடலாம்.

லேபிள் அவ்வளவு எளிதாக விடாது. சில நிறுவனங்கள் பாட்டிலின்மேல் சுருங்கிப் பிடிக்கும் பி.வி.சி. உறையைப் போடுகின்றன. பி.வி.சி.யும் மூழ்கும். பாட்டில் சில்லுகளோடு கலந்து உலைக்குள் போனால் அந்தச் சூட்டில் கருகி, நல்ல சரக்கையும் மஞ்சளாக்கிவிடும். காயலான் கடை அம்மாவின் கத்தி தவறவிட்ட ஒரு துண்டு உறை ஒரு மூட்டைச் சரக்கின் விலையையே இறக்கிவிடலாம். அந்த உறையைத் தேர்ந்தெடுத்தவர் எங்கோ ஒரு விளம்பரப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர். அவர் தேர்வின் நஷ்டத்தைச் சுமப்பவரை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி அவரை வற்புறுத்தும் விதியும் கண்ணில் படவில்லை.

சரி, பாட்டில் மூட்டையாகக் கட்டப்பட்டு ஆலைக்குக் கிளம்புகிறது. இப்போது அதன்மேல் ஒவ்வொரு துறையாகக் கைவைக்கிறது.

முதல் கை நிதித்துறையுடையது. 2021 அக்டோபர் 1 அன்று பிளாஸ்டிக் கழிவுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது. வரித்துறையின் பார்வையில் இதற்கும் ஒரு நியாயம் உண்டு. மூலப்பொருளுக்கு ஒரு விகிதம், அதிலிருந்து செய்த பொருளுக்கு வேறு விகிதம் என்றிருந்தால் கணக்குச் சிக்கலாகும், மோசடிக்கு இடமாகும். பதிவு பெற்ற ஆலை தான் கட்டிய வரியை வரவாகக் கழித்துக்கொள்ளவும் முடியும். பிறகென்ன குறை என்று கேட்கலாம்.

பாட்டில் நடந்து வந்த பாதையில் குறை இருக்கிறது. அது முதன்முதலில் விற்கப்பட்டபோதே அந்தப் பிளாஸ்டிக்குக்கு வரி கட்டியாகிவிட்டது. கட்டியவர் தண்ணீர் குடித்த நீங்களும் நானும்தான். நாம் தூக்கிப் போட்டதும் வரிச்சங்கிலி அறுந்துவிட்டது. பொறுக்கியவரிடம் பில் கிடையாது. ஆண்டு வரவு 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருக்கும் காயலான் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. அவரிடம் வாங்கும் மொத்த வியாபாரிதான் முதன்முதலில் வரிவலைக்குள் வருகிறார். கழித்துக்கொள்ள முந்தைய வரி எதுவும் இல்லாததால் முழு விலையின்மேலும் 18 சதவீதம் போட்டு விற்க வேண்டும். பக்கத்து வியாபாரி பில் இல்லாமல் விற்றால் அவர் சரக்கு அத்தனை மலிவு. நேர்மையாக இருப்பவருக்கு அபராதம் போடுவதுபோல் ஆகிவிடுகிறது. பழைய கார் விற்பனையில் இந்தச் சிக்கலுக்கு அரசே ஒரு வழி கண்டிருக்கிறது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின்மேல் மட்டும்தான் அங்கே வரி. ஒருமுறை வரி கட்டிய பொருள் என்று காருக்குப் புரிந்தது பாட்டிலுக்குப் புரியவில்லை.

இரண்டாவது கை உணவுப் பாதுகாப்பு ஆணையத்துடையது. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கில் உணவுப்பொருளை அடைக்கக் கூடாது என்று அதன் 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் குடித்த பாட்டிலில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கலாம், பூச்சிமருந்து கலக்கி வைத்திருக்கலாம். நம் வீடுகளில் காலி பாட்டிலுக்கு எத்தனை மறுபிறவி என்று நமக்கே தெரியும். ஆனால் இந்தத் தடையால், சேகரித்த பாட்டில் மீண்டும் பாட்டிலாக முடியாமல் பாலியெஸ்டர் நூலாகப் போனது. நூல் துணியாகும், துணி கிழியும், கிழிந்த துணி குப்பைமேட்டுக்குப் போகும். வட்டம் என்று பெயர். உண்மையில் இறங்குமுகமான ஒரு கோடு. 2022 ஜனவரியில் ஆணையம் விதியைத் திருத்தி, உரிய தொழில்நுட்பமும் ஒப்புதலும் உள்ள ஆலைகளின் சரக்குக்குக் கதவைத் திறந்தது.

மூன்றாவது, சுற்றுச்சூழல் அமைச்சகம். 2022 பிப்ரவரியில் அது வெளியிட்ட விதிகள், பிளாஸ்டிக் பொதியில் பொருளை விற்கும் நிறுவனமே அந்தப் பொதியைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்றன. கெட்டியான பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26 முதல் குறைந்தது 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு ஏறி 2028-29இல் 60 சதவீதம் ஆக வேண்டும் என்றும் சொல்லின. கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகி மறுசுழற்சி ஆலைகள் படுத்துவிடும். அந்த நேரத்தில் அவற்றைத் தாங்கிப் பிடிக்க இப்படி ஒரு கட்டாயம் தேவைதான்.

தேதிகளை அடுக்கிப் பாருங்கள். அக்டோபரில் ஒரு துறை பழைய பிளாஸ்டிக்கின் வரியை உயர்த்துகிறது. ஜனவரியில் இன்னொரு துறை அதை அனுமதிக்கிறது. பிப்ரவரியில் மூன்றாவது துறை அதைக் கட்டாயமாக்குகிறது. எல்லாம் ஐந்து மாதத்துக்குள். கடைசி இரண்டும் சரியான வரிசையில் வந்தன என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்: முதலில் பாதுகாப்புக்கான ஒப்புதல், பிறகு ஆலை கட்ட மூன்று ஆண்டு அவகாசத்துடன் கட்டாயம். முதலாவது மட்டும் எதிர்த்திசையில் வந்தது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் படித்தால் எதிலும் பிழை சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வேலை யாருடையது என்பதுதான் கேள்வி.

நான்காவது கை உள்ளாட்சியுடையது. பல ஊர்களில் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கு டன் கணக்கில் பணம். வண்டி எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு வருமானம். தெருவிலேயே தரம் பிரித்து மக்கும் குப்பையை உரமாக்கி, மக்காததைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டால் எடைப்பாலத்தில் வண்டி காற்றாக நிற்கும். தரம்பிரிப்பை வலியுறுத்தும் விதிகளும் இந்த எடைச்சீட்டும் ஒரே அலுவலகத்தில்தான் இருக்கின்றன. கையெழுத்துப் போடுபவர் எடைச்சீட்டைத்தான் பார்க்கிறார்.

இதோடு எரியுலை சேர்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்குச் சென்னை கொடுங்கையூரில் திட்டமிட்டபோது வடசென்னை மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். புகையைப் பற்றிய அவர்கள் அச்சம் நியாயமானது. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் ஒன்றும் உண்டு. நம் குப்பையில் பெரும்பகுதி ஈரம். தேங்காய் மட்டையும் சாம்பார் சோறும் எரியாது. உலை நன்றாக எரிய வேண்டுமானால் காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் வேண்டும். காயலான் கடைக்கு வேண்டியதும் அவைதான். மறுசுழற்சி செய்ய முடியாததைத்தான் எரிக்கலாம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் விடியற்காலையில் ஆலை வாசலில் வந்து நிற்கும் லாரியில் எது அது, எது இது என்று தீர்மானிப்பவர் யார்? இத்தகைய ஆலைகள் பல பத்தாண்டுகள் ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும். இன்று ஒப்பந்தம் போட்டால், நாளைக்குக் குப்பை குறைந்தாலும் உலைக்குத் தீனி போட்டாக வேண்டும்.

பொறுப்பை நிறுவனங்களிடம் ஒப்படைத்த திட்டமும் தானாக ஓடவில்லை. ஒரு டன் மறுசுழற்சி செய்ததற்கு ஆலை சான்றிதழ் தரும். நிறுவனம் அதை வாங்கித் தன் கணக்கை நேர் செய்யும். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நான்கு ஆலைகளைச் சோதித்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. காகிதத்தில் சுழன்ற பிளாஸ்டிக். வரித்துறையிடம் அந்த ஆலைகளின் கொள்முதல் கணக்கு இருக்கும், மின்வாரியத்திடம் மின்கட்டணம் இருக்கும். இரண்டையும் சான்றிதழோடு ஒத்துப் பார்த்திருந்தால் ஒரு குமாஸ்தாவே கண்டுபிடித்திருப்பார்.

மத்திய அரசுக்கு இந்த இடைவெளி தெரியாமல் இல்லை. சுழற்சிப் பொருளாதாரத்துக்காக 2021இல் பதினோரு குழுக்களை அமைத்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பொருளுக்குரிய அமைச்சகமே தலைமை. துறைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தை மூடத் துறைவாரியாகவே ஆள் போட்டிருக்கிறார்கள்.

இசைவு என்றதும் எல்லாவற்றையும் ஒரே அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உணவுத்துறை சந்தேகப்படத்தான் வேண்டும், நிதித்துறை வரி கேட்கத்தான் செய்யும். வேண்டியது வேறு: ஒரு விதி பிறக்கும்போது அது யார் தலையில் என்ன செலவை வைக்கிறது, அந்தச் செலவை ஏற்கெனவே இருக்கும் எந்த விதி கூட்டுகிறது என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒரு திட்டம் எவ்வளவு தூரம் யோசித்தது என்பதற்கு நம் கண்ணெதிரே திருப்பூர் இருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், நிறைய வேண்டும். சாயப்பட்டறைகளின் உப்புத் தண்ணீர் நொய்யலில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயக் குட்டையாகி, கீழேயுள்ள விவசாயிகள் தயவுசெய்து தண்ணீர் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயி போராடியது அநேகமாக அங்கேதான் இருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அதன்பின் அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொழில்நுட்பத்தை மாற்றின. இன்று சவ்வுகளின் வழியே தண்ணீரைப் பிழிந்தெடுக்கிறார்கள். மிஞ்சிய உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் திரும்புகிறது, உப்பிலும் பெரும்பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. உலகில் இந்த அளவில் இதைச் செய்த நெசவு நகரங்கள் அபூர்வம்.

ஆனால் கொதிகலனுக்கு விறகும் மின்சாரமும் வேண்டும். நதியைக் காப்பாற்றிய செலவு மின்கட்டணமாகப் பட்டறைக்காரரிடம் வருகிறது; அந்தச் செலவே இல்லாத ஊர்களோடு அவர் விலையில் போட்டி போட வேண்டும். இரண்டு வகை உப்பும் சாயமும் கலந்து பிரிக்க முடியாமல் போன கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. ஆற்றில் விடக் கூடாது, புதைக்க முடியாது, வாங்குவாரும் இல்லை. தண்ணீரைப் பற்றி யோசித்த உத்தரவு உப்புவரை வந்து நின்றுவிட்டது. மழைக்காலத்தில் அந்தக் கொட்டகைக் கூரைகளைப் பார்ப்பவருக்கு வயிறு கலங்கும்.

தமிழ்நாடு அரசு 2025இல் தூய்மை இயக்கம் என்று பல துறைகளைச் சேர்த்து ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அரசு அலுவலகங்களில் கிடக்கும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து ஆரம்பித்தார்கள். நல்லதுதான், அவரவர் வீட்டுப் பரணிலிருந்து தொடங்குவதில் தப்பில்லை. அடுத்து எதைத் தொடுவார்கள் என்று கேட்டால் நான் ஆவினைக் காட்டுவேன்.

டாஸ்மாக்கைப் போல ஆவினிலும் விலையை நிர்ணயிப்பதில் அரசின் கை இருக்கிறது. விற்கும் இடம் தெரியும், வாங்குபவரும் பெரும்பாலும் தினமும் அதே ஆள். மாத அட்டைகூட வைத்திருக்கிறார். பால் பாக்கெட் 2019 தடையிலிருந்து விலக்குப் பெற்றது. அதன் பிளாஸ்டிக்கோ ஒரே வகை, சுத்தமானது, காயலான் கடையில் நல்ல விலை போவது. பாட்டில் திரும்ப வருவதற்கு இருந்த அத்தனை வசதியும் இங்கேயும் இருக்கிறது. யானைப் பாதம்போல் அவசரப்படுத்த ஒன்று மட்டும் இல்லை.

பல வீடுகளில் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். காலி பாக்கெட்டைக் கழுவி, குழாய்மேல் காயப்போட்டு, நூறு சேர்ந்ததும் பேப்பர்காரரிடம் போடுகிறார்கள். போகாதது ஒன்றுதான்: கத்தரிக்கோலால் வெட்டும்போது தெறித்து விழும் அந்த முக்கோண மூலை. அது பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டைக்குள் போய், அங்கிருந்து சாக்கடைக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது மூலையை முழுதாக வெட்டுவதில்லை. ஓரத்தில் நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுகிறோம்; பால் கொஞ்சம் பக்கவாட்டில் வழிகிறது, அடுப்பு மேடையைத் துடைக்க வேண்டியிருக்கிறது.